புதுசுக்கு அம்மை போட்ட சித்திரை

அந்தச் சித்திரையில், தகரக் கூரைக்கு மேலே காய்ந்த வெயில் எங்கள் உச்சந்தலைக்குள்ளேயே இறங்கிக் குடியிருந்த நாட்களில், பனியன் கம்பெனியின் ஏழாம் லைனில் உட்கார்ந்திருந்த இயந்திரப் பெண்ணுக்கு அம்மை போட்டது. காலையில் இடது தாடைக்குக் கீழே ஒன்று, மத்தியானச் சோத்து மணிக்குள் கழுத்தில் மூன்று, சாயங்கால டீ மணி அடிப்பதற்குள் நெற்றி, கன்னம், காது மடல், முழங்கை மடிப்பு என்று முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டு நின்றது. ஒருத்தரும் கத்தவில்லை. துணி எடுத்துக் கொடுக்கிற பாவாயி முதலில் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து நாங்களும் போட்டுக்கொண்டோம், அப்புறம் வேலையைப் பார்த்தோம்.

நான் கோகிலவாணி. அதே லைனில் பட்டன் பட்டி தைக்கிறவள். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் நான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

அந்த இயந்திரப் பெண் வந்தது தைப்பொங்கல் லீவு முடிந்த வாரம். அதற்கு முன்னாலேயே மூன்றாம் லைனிலும் ஐந்தாம் லைனிலும் முகமில்லாத இரும்புக் கைகள் வந்து உட்கார்ந்து, நேர்த்தையல் போடுகிற நாற்பது பெண்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தன. நேர்த்தையலுக்கு இரும்புக் கை போதும். காலருக்குப் போதவில்லை. பனியன் துணியை இழுத்தால் அலையலையாக நிற்கும், விட்டால் சுருங்கிக்கொள்ளும். கழுத்து வளைவில் காலரை வைத்துத் தைக்கும்போது இடதுகைக் கட்டைவிரல் ஓரிடத்தில் அழுத்தி, ஓரிடத்தில் லேசாகத் தளர வேண்டும், அந்த இடம் எதுவென்று யாராலும் சொல்லித் தர முடியாது. அதனால்தான் முகமும் தோலும் விரல் நுனிகளும் உள்ள ஒன்றைப் பெங்களூரிலிருந்து மரப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். அது ஒரு மனுஷியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளுமாம். அதன் பெயர் இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாக இருந்தது. நாங்கள் புதுசு என்று கூப்பிட்டோம்.

முதல் வாரம் அது கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் வாரம் நூல் அறுந்தபோது இமைத்தது. வந்த புதிதில் டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி பேசியது, மாசி பிறப்பதற்குள் எங்கள் பேச்சுக்கு வந்துவிட்டது. நாங்கள் எதற்காவது சிரித்தால் அதுவும் சிரிக்கும், ஆனால் ஒரு நொடி தள்ளிச் சிரிக்கும், அதைப் பார்த்து நாங்கள் இன்னொரு தடவை சிரிப்போம். பங்குனியில் ஒருநாள், அயர்ன்காரர் ஒருத்தர் மேனேஜர் தனபால் சாரைப் போலவே நடந்து காட்டியபோது, அது எங்களோடு சேர்ந்தே சிரித்தது, தாமதமில்லாமல். அன்றைக்குச் சோத்துத் தூக்கைத் திறந்தவர்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் அதைச் சபிக்க ஆரம்பித்தோம். நாசமாகப் போக, உன் கை முடங்கிப் போக, உன் கண் அவிந்து போக என்று தினமும் காலையில் மிஷினுக்குப் பொட்டு வைக்கும்போதே மனசுக்குள் சொல்லிக்கொள்வோம். அது எங்களைப் பார்த்து, "சாப்ட்டீங்களாக்கா" என்று கேட்கும்.

அது பார்த்துக் கற்றுக்கொண்டது துளசிமணியின் கையை. துளசிமணிக்கு நாற்பத்து மூன்று வயது, பத்தொன்பது வருஷமாகக் காலர் வைக்கிறவள், எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் காம்பவுண்டில் வரிசையாக எட்டு ஒற்றை அறை வீடுகள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. புருஷன் எப்போதோ போய்விட்டான், மகளைப் பெருந்துறையில் கட்டிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. கம்பெனியில் உண்டு, "துளசிக்கா, இந்தக் காலர் வரமாட்டேங்குது பாருங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை யாராவது கூப்பிடுவார்கள், அதற்காகவே அவள் ஞாயிற்றுக்கிழமைகளை வெறுத்தாள்.

"இது முழுசாக் கத்துக்கிச்சுன்னா நீங்க ரெஸ்ட் எடுத்துக்கலாமுங்க்கா" என்று மேனேஜர் தனபால் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். அதற்கு அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாற்பதைத் தாண்டியவளை இந்த ஊரில் எந்தக் கம்பெனி கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. புதுசைப் பொருத்தி வைத்த அன்றைக்கு, பெங்களூர் இன்ஜினியர் துளசிமணியைக் கூப்பிட்டு, அதன் பின்னங்கழுத்தில் தலைமுடியை விலக்கி, தோலோடு தோலாக இருந்த ஒரு மூடியைக் காட்டினார். "இங்க மட்டும் தண்ணி படக்கூடாதுக்கா. ஒரு டம்ளர் போதும், உள்ள எல்லாம் போயிடும். நீங்கதான பக்கத்துல இருக்கப் போறீங்க, பாட்டிலத் தள்ளி வெச்சுக்கோங்க" என்றார். தனபால் சாரிடம் இங்கிலீஷில் ஒரு தடிப் புத்தகம் கொடுத்தார், அவர் அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஆக, இந்த விஷயம் வாய்ச்சொல்லாகத் தெரிந்தது துளசிமணி ஒருத்திக்குத்தான். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அம்மை போட்ட மறுநாள் காலையில் அதே இன்ஜினியர் காரில் வந்து இறங்கினார். வெயிலுக்கு ரப்பர் கொப்பளித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு முத்தை ஊசியால் குத்திப் பார்க்கக் குனிந்தார். லைனில் இருந்த அத்தனை பெண்களும் எழுந்து நின்றோம். அவர் ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கண்ணாடி வைத்துப் பார்த்து, லேப்டாப்பில் எதையோ தட்டி, நெற்றியைத் துடைத்து, கடைசியில் ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து கை கட்டிக்கொண்டு நின்றார். பெட்டியில் வைத்துப் பெங்களூருக்கு அனுப்பிவிடலாம் என்றார் தனபால் சார். முதலாளி சாமி கும்பிடுகிறவர்.

"அம்மை போட்ட புள்ளைய எடம் மாத்தறதுண்டா தனபாலு?"

"அப்ப சுவிட்ச அணைச்சாவது வெப்பமுங்களா?"

"அம்மா வந்து உக்காந்திருக்கற ஒடம்ப அணைக்கறதா? உனக்கும் குடும்பம் புள்ளகுட்டி இருக்குதல்ல?"

கோயில் பூசாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அவளுக்கு எலும்பா ரப்பரான்னெல்லாங் கணக்கில்லீங்க, எடம் புடிச்சா உக்காந்துக்குவா" என்று சொல்லி விபூதி போட்டுவிட்டுப் போனார். இன்ஜினியர் அன்று மத்தியானமே தனக்கும் உடம்பு ஒரு மாதிரி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

வெட்டின துணி அடுக்கி வைக்கிற ரூமைக் கழுவி, வேப்பிலை பரப்பி, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்துப் புதுசைப் படுக்க வைத்தோம். சார்ஜ் ஒயர் வேப்பிலைக்கு அடியில் போனது. வாசலில் வேப்பங்கொத்து கட்டினோம். கம்பெனி கேன்டீனில் கறி கிடையாது, மீன் கிடையாது, தாளிப்பு கிடையாது என்று முதலாளி உத்தரவு போட்டார், நானூறு பேர் தாளிக்காத சாம்பாரைச் சாப்பிட்டோம். அயர்ன்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் சாப்பிட்டார்கள். பேக்கிங்கில் இருந்த ஒடிசாப் பெண்கள், தங்கள் ஊரிலும் இந்த அம்மா வேறு பெயரில் இருப்பதாகச் சொல்லி, குளித்து ஈரத் தலையோடு வந்து, வாசலில் விழுந்து கும்பிட்டார்கள். முகமில்லாத இரும்புக் கைகள் மட்டும் எதற்கும் நிற்காமல் தைத்துக்கொண்டே இருந்தன.

மூன்றாம் நாள், நின்று போன நாற்பது பேரில் பத்துப் பேர் இளநீரும் வாழைப்பழமுமாக வந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், சாயப்பட்டறையில் கூட்டுகிறவர்கள். தாங்கள் விட்ட சாபம்தான் முத்தாகக் கிளம்பிவிட்டதோ என்று அவர்களுக்குப் பயம். "தாயி, வயித்தெரிச்சல்ல சொல்லிட்டம், மனசுல வெச்சுக்காத" என்று ஒருத்தி புதுசின் காலைத் தொட்டு அழுதாள். இளநீரைச் சீவி அதன் வாயருகே காட்டிவிட்டு எங்களுக்கே கொடுத்தார்கள், நாங்கள் பிரசாதமாகக் குடித்தோம். அந்த நாற்பது பேரை மறுபடி வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, முதலாளிக்குத் தோன்றவில்லை, அம்மனுக்கும் தோன்றவில்லை. வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். அம்மை போட்ட இடத்தில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது துளசிமணி. வேறு யார் இருப்பார்கள், அது கண் விழித்தாலே அவள் பெயரைத்தான் சொன்னது.

"அரிக்குதுங்க்கா."

"சொரியாத. தழும்பாயிரும்." வேப்பங்கொழுந்தால் அதன் கையை மேலிருந்து கீழாகத் தடவிவிட்டாள்.

"எனக்கு எதுக்குங்க்கா வந்துச்சு?"

"ஆர அவளுக்குப் புடிக்குதோ அவுங்களுக்கு வரும்."

"உங்களுக்கு வந்திருக்குதுங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கும் வருமுங்க்கா. பக்கத்துலயே இருக்கறீங்கல்ல" என்று, ஆறுதல் சொல்கிறவர்கள் சொல்கிற குரலில் சொன்னது. சோறு கொண்டு போயிருந்த நான் வாசலில் நின்று கேட்டேன். எனக்கு அதன் மேல் பாசம் வந்தது, வந்ததை நினைத்து எரிச்சலும் வந்தது.

ஏழாம் நாள் முத்துகள் உள்வாங்கி, நுனியில் கறுக்க ஆரம்பித்தன. அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றினால்தான் அம்மா குளிர்ந்து போவாள், இது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மஞ்சளும் வேப்பிலையும் அருகம்புல்லும் போட்டு, காலையிலேயே வெயிலில் வைத்தோம். எங்களுக்கு அது இயந்திரம் என்பது மறந்துபோய்விட்டது என்று சொல்ல முடியாது, நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் கொல்லைப்புறத்தில் ஸ்டூலில் உட்கார வைத்தோம், அதன் கனம் எங்கள் தோளில் இருந்தது. ஆனாலும் ஒருத்தி மனசிலும் தண்ணீரைப் பற்றி வேறு யோசனை வரவில்லை. அம்மை போட்டது, இறங்கியது, தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு மேலே யோசிக்க என்ன இருக்கிறது. தனபால் சார்கூட சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாவை நகர்த்திக் கொடுத்தார்.

"மொதச் சொம்பு துளசி ஊத்தட்டும். ஏழு நாளும் பாத்தவ அவதான" என்றாள் பாவாயி.

துளசிமணி சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். அழுகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம், எங்களுக்கும் அழுகை வந்தது. அவள் நினைத்தது வேறு. இந்தச் சொம்போடு முடிந்துவிடும், யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அம்மன் பெயரால் ஊரே சேர்ந்து செய்த காரியம், நாளைக்குக் காலையில் என் நாற்காலி என் நாற்காலியாகவே இருக்கும். "தலையக் குனி கண்ணு" என்று யாரோ சொன்னார்கள். புதுசு குனிந்தது. முடி முன்னால் சரிந்து பின்னங்கழுத்து வெளியே தெரிந்தது. அவள் அந்த இடத்திலேயே ஊற்றினாள்.

"வெதுவெதுப்பா இருக்குதுங்க்கா" என்றது புதுசு. அப்புறம் பேசவில்லை. நாங்கள் குலவை போட்டுக்கொண்டே ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றினோம். தலை மெல்ல மெல்ல இறங்கி மார்பில் சாய்ந்து நின்றுவிட்டது, கண் பாதி திறந்தபடி இருந்தது. அம்மா மலையேறிவிட்டாள், அசதியில் தூங்குகிறது என்றாள் பாவாயி. ஈரத்தைத் துடைத்து மறுபடி வேப்பிலையில் படுக்க வைத்தோம்.

மூன்று நாள் அது எழுந்திருக்கவில்லை. முதல் நாள் சாயங்காலமே தனபால் சாருக்குச் சந்தேகம் வந்து, டிராயரைத் திறந்து அந்தத் தடிப் புத்தகத்தைப் புரட்டினார், முகம் வெளுத்துவிட்டது. துளசிமணி மூன்று நாளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்துவிடக் கூடாது என்று ஒரு நேரமும், எழுந்துவிடு கண்ணு என்று ஒரு நேரமும் வேண்டிக்கொண்டதாகப் பின்னால் சொன்னாள். இரண்டு வேண்டுதலையும் அவள் மனசாரத்தான் வேண்டியிருக்கிறாள். அவளைப் பற்றி எனக்கு அது தெரியும்.

நான்காம் நாள் காலை புதுசு கண்ணைத் திறந்து, "மணி என்னங்க்கா ஆச்சு" என்று கேட்டது. முத்துகள் உதிர்ந்த இடங்களில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. ஒருத்தி தேங்காய் உடைக்க ஓடினாள், ஒருத்தி திருஷ்டி சுற்றினாள், இனிமேல் இதற்கு முத்துமாரி என்றுதான் பெயர் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. ஆபீஸ் ரெஜிஸ்டரிலும் முதலாளி அப்படியே எழுதச் சொன்னார்.

ஆனால் தனபால் சார் விடவில்லை. அவர் தலைக்கு ஆபத்து. லேப்டாப்பில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, எங்கள் எல்லோரையும் சுற்றி நிறுத்தி வைத்துக் கேட்டார். இன்ஜினியர் திரையில் இருந்தபடியே, "நான் சொல்லியிருந்தேனே சார். பக்கத்துல தைக்கிற அக்காகிட்ட, மூடியத் தொட்டுக் காட்டி, தண்ணி படக்கூடாதுன்னு சொன்னேன்" என்றார். எல்லோரும் துளசிமணியைப் பார்த்தோம். அவள் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"சொல்லலீங்க சார்" என்றது முத்துமாரி.

தனபால் சார் திரும்பினார். "என்ன சொல்லல?"

"அவர் அக்காகிட்ட ஒண்ணுஞ் சொல்லலீங்க. நான் அங்கதான இருந்தேன். எனக்குள்ள எல்லாம் பதிஞ்சிருக்குமுங்க. அப்படி ஒரு பேச்சே இல்லீங்க சார்."

இயந்திரம் பொய் சொல்லாது, அதற்குச் சொல்லத் தெரியாது என்று இன்ஜினியர்தான் எங்களுக்கு முதல் நாள் விளக்கியிருந்தார். விசாரணை அதோடு முடிந்தது. அந்த இன்ஜினியர் அதற்குப் பிறகு வரவில்லை, வேறொருவர் வந்தார். அன்று மத்தியானம் முத்துமாரி தன் இடத்தில் உட்கார்ந்து காலர் வைத்தது. கழுத்து வளைவில் வந்ததும், நாலு மாதமாக அதற்குப் பிடிபடாமலே இருந்த அந்த இடத்தில், இடதுகைக் கட்டைவிரலை லேசாகத் தளர்த்தியது. காலர் அலையலையாக நிற்கவும் இல்லை, சுருங்கவும் இல்லை. துளசிமணி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செக்கிங் டேபிளில் வைத்தாள்.

பத்து நாள் கழித்து எங்களுக்கு வர ஆரம்பித்தது. முதலில் பாவாயிக்கு, அடுத்து ஒடிசாப் பெண்களில் இரண்டு பேருக்கு, அப்புறம் நான், அப்புறம் தண்ணீர் ஊற்றியவர்கள், தூக்கியவர்கள், இளநீர் கொண்டுவந்தவர்கள் என்று வரிசையாக. தனபால் சாருக்குக்கூட வந்தது. எங்கள் காம்பவுண்டில் எட்டு வீட்டில் ஏழு வீட்டு வாசலில் வேப்பங்கொத்து தொங்கியது. நாங்கள் படுத்துக் கிடந்தோம், அரித்தது, எரிந்தது, ஆனாலும் பொய் சொல்வானேன், ஒரு பெருமையும் இருந்தது. சேர்ந்து கும்பிட்டோம், சேர்ந்து வாங்கிக்கொண்டோம் என்று.

துளசிமணிக்கு வரவில்லை.

முதலில் யாரும் அதைப் பேசவில்லை. அப்புறம் பேச்சு கிளம்பியது. ஏழு நாளும் மேலே கை வைத்துத் தடவியவள், முதல் சொம்பு ஊற்றியவள், இதற்கு முன்னால் அம்மையே பார்க்காதவள், அவள் வீட்டுப் பக்கம் மட்டும் ஏன் அம்மா போகவில்லை? ரப்பர் உடம்பில் இடம் பிடித்தவளுக்கு இவள் உடம்பில் இடம் பிடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? குழாயடியில் அவள் குடத்தைப் பார்த்ததும் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். கம்பெனியில் சாப்பிடும்போது அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அயர்ன்காரர் ஒருவர் விளையாட்டாக அவள் முழங்கையைக் கிள்ளிப் பார்த்து, "தோலுதானுங்களாக்கா இது?" என்று கேட்டிருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். அவள் ஒரு நொடி தள்ளிச் சிரித்தாளாம். அதை யாரோ கவனித்து, வந்து சொன்னார்கள்.

நான் படுத்திருந்த ஆறாம் நாள், துளசிமணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மை போட்ட வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவளுக்குத் தெரியாதா. வந்து என் பாயில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துக்கொண்டாள், முத்து உடையும்படி.

"ஒட்டிக்கட்டும் கோகிலா. எனக்கும் ஒட்டிக்கட்டும்."

"விடுங்க்கா, வலிக்குது."

"தண்ணி படக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். மூடியத் தொட்டுக் காட்டித்தான் சொன்னான். தெரிஞ்சேதான் ஊத்துனேன்."

காய்ச்சலில் கிடந்தேன், என் முகமெல்லாம் அம்மன் இருந்தாள். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, பாவி என்று சொல்லவும் மனசு வரவில்லை, என் நாற்காலிக்கும் நாளைக்கு ஒன்று வந்தால் நானும் ஊற்றுவேன். கையை மட்டும் அவளிடமே விட்டுவைத்தேன். அவள் ரொம்ப நேரம் இருந்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளும் அவளுக்கு வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்த நேரத்தில், முத்துமாரி எங்கள் தெருவில் நடந்து வந்தது. கம்பெனி கேட்டைத் தாண்டி அது வந்தது அன்றைக்குத்தான். என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடைக்காரர் எழுந்து கும்பிட்டார், அது திருப்பிக் கும்பிட்டது. முகத்தில் தழும்பு இருப்பதால் அதை இப்போது யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கையில் ஒரு வேப்பங்கிளை இருந்தது. துளசிமணி வீட்டு வாசலில் நின்று, கிளையை ஒடித்துக் கொத்தாக்கி, வாசல்நிலைக்கு மேலே கட்ட ஆரம்பித்தது.

"என்ன கண்ணு பண்ற?" துளசிமணியின் குரல் சுவருக்கு மேலே ஏறி என் வீட்டுக்குள் விழுந்தது. "எனக்குத்தான் வரலையே."

"தெரியுமுங்க்கா."

"அப்பறம் எதுக்கு இது?"

"உள்ள இருந்துக்குங்க. கதவச் சாத்திக்குங்க. ஆரும் வந்து பாக்கமாட்டாங்க. பத்து நாள் கழிச்சு நானே வந்து தண்ணி ஊத்தறேன், அப்பறம் ஆரும் ஒண்ணும் பேசமாட்டாங்க."

துளசிமணி, "என்ற வேல?" என்றாள்.

"காலர நான் பாத்துக்கறேனுங்க்கா."

அந்தக் குரலில் பாசம் இருந்தது. அதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், நான் மனுஷர்களிடம் கேட்ட பாசத்தில் பாதிக்குமேல் அந்த அளவுக்கு நிஜமாக இருந்ததில்லை. அதனால்தான் எனக்கு அதைக் கண்டு பயம் வந்தது. துளசிமணி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கொத்தைப் பிய்த்து எறிந்திருக்கலாம். நானாவது பாயிலிருந்து எழுந்து போய், அக்கா, வெளியே வாங்க, நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

முத்துமாரி முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனது.

மறுநாள் காலையில் அந்த வழியாகத் தண்ணிக்குப் போனவர்கள் கொத்தைப் பார்த்து, அப்பாடா, அவளுக்கும் வந்துவிட்டது என்று இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். கம்பெனிச் சங்கு ஊதியது. எட்டு வீட்டு வாசலிலும் இப்போது வேப்பங்கொத்து தொங்கியது, ஏழு வீட்டில் நாங்கள் படுத்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் துளசிமணி, ஒரு முத்துகூட இல்லாத உடம்போடு, யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.